நிகழ்வுக்கு எந்தக் கடிகாரம்? இயங்குதள இடைமுகங்களில் நேர மதிப்பின் வடிவமைப்பு

விசை அழுத்தம், சுட்டி அசைவு, தொடுகை என எந்த நிகழ்வை இயங்குதளம் ஒரு நிரலிடம் ஒப்படைத்தாலும் பெரும்பாலும் அதனுடன் ஒரு நேர மதிப்பும் செல்கிறது. நிரல்கள் அந்த மதிப்பை ஏறக்குறைய எப்போதும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகின்றன: இன்னொரு மதிப்பிலிருந்து கழிப்பதற்கு. விண்டோஸின் இயல்பு அமைப்பில் இரண்டு சொடுக்குகள் 500 மில்லிவினாடிக்குள் வந்தால் அது இரட்டைச் சொடுக்கு. விரலின் வேகத்துக்கேற்பத் திரையை உருட்டுவதும், விசை எவ்வளவு நேரம் அழுந்தியிருந்தது என்று அறிவதும் கழித்தலே. விசை எத்தனை மணிக்கு அழுத்தப்பட்டது என்று கேட்கும் நிரல் அரிது. ஆகவே நிகழ்வின் நேரம் இடைவெளியை அளப்பதற்கானது, தேதி சொல்வதற்கானது அன்று. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் கடிகாரம், அலகு, பிட் அகலம் ஆகிய மூன்றையும் முடிவுசெய்வது எளிதாகிறது.

லினக்ஸின் ஈவ்டெவ் இடைமுகம் தொடக்கத்தில் இதற்கு எதிரான வழியில் சென்றது. அதன் ஒவ்வொரு நிகழ்வும் நாட்காட்டி நேரத்தை வினாடியாகவும் மைக்ரோவினாடியாகவும் சுமந்து வந்தது. நாட்காட்டி நேரம் திருத்தப்படக்கூடியது. வலையிலுள்ள நேரச் சேவையகம் கடிகாரத்தைச் சரிசெய்தால் அது முன்னோ பின்னோ தாவும். இரு சொடுக்குகளுக்கு நடுவே அப்படி ஒரு திருத்தம் விழுந்தால் பிந்தைய சொடுக்கு முந்தையதற்கு முன்பே நடந்ததாகக் கணக்கு வரலாம். 2012இல் வெளியான லினக்ஸ் 3.4, பின்னோக்கிச் செல்லாத மானோடோனிக் கடிகாரத்தைக் கேட்டுப்பெறும் வசதியைத் தந்தது. பழைய நிரல்களுக்காக இயல்பு மட்டும் மாறவில்லை. அந்தப் பழைய தேர்வுக்கு இன்னொரு விலையும் உண்டு. 32 பிட் அமைப்புகளில் 1970இலிருந்து எண்ணப்படும் வினாடிகள் 2038இல் நிரம்பிவிடும் என்பதால், அந்தப் புலத்தைக் குறியற்ற எண்ணாக்கி எல்லையை 2106 வரை தள்ள வேண்டியிருந்தது. கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. 31 பிட் வினாடிகள் 68 ஆண்டுக்குப் போதும்.

மானோடோனிக் என்று சொன்ன மாத்திரத்தில் பொருள் முழுமையாகிவிடுவதில்லை. கணினி உறங்கும்போது கடிகாரம் ஓட வேண்டுமா? லினக்ஸில் மானோடோனிக் கடிகாரம் அப்போது நின்றுவிடும். பூட்டைம் கடிகாரம் ஓடும். 2018இல் 4.17 பதிப்புக்கான பணியில் இரண்டையும் ஒன்றாக்க முயன்றார்கள். உறக்கத்திலிருந்து கணினி எழுந்ததும் நிரல்களின் காலக்கெடுக்கள் கடந்துவிட்டதாகத் தோன்றியதால், வெளியீட்டுக்கு முன்பே அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கடிகாரம் என்பது ஆவணத்தின் அடிக்குறிப்பாக இருக்கக் கூடாது, இடைமுகத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அகலத்தில் செய்த சிக்கனம் அதிகத் தொல்லை தந்திருக்கிறது. 32 பிட் மில்லிவினாடி எண்ணி 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 அத்தனை நாள் தொடர்ந்து இயங்கினால் உறைந்துபோகும் பிழை இதன் விளைவே. எக்ஸ் சாளர அமைப்பு இதே அகலத்தை வைத்துக்கொண்டு, நேர வெளியின் பாதியை முந்தையதாகவும் மறுபாதியைப் பிந்தையதாகவும் கொள்ளுமாறு நெறிமுறையிலேயே எழுதிவைத்தது. நேர்மையான ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு நிரலரும் அதை நினைவில் வைத்தால்தான் பயன். அதே நெறிமுறை 0 என்ற மதிப்பை ‘இப்போது’ என்பதற்கான சிறப்புக் குறியீடாக எடுத்துக்கொண்டது. அளவீட்டுக்குரிய எண்வரிசையில் இப்படி ஒரு கட்டளையை ஒளித்துவைப்பது தவறான வடிவமைப்பு. நானோவினாடியை 64 பிட் முழுஎண்ணாக எண்ணினால் குறியுடன்கூட 292 ஆண்டு தாங்கும். கூடுதலாகும் நான்கு பைட்டுகள் இன்று ஒரு பொருட்டல்ல.

மில்லிவினாடியே போதும் என்ற வாதத்தை ஒரு சுட்டியைக் கொண்டு சோதிக்கலாம். வினாடிக்கு 1000 அறிக்கை அனுப்பும் சுட்டியிலிருந்து 10.02, 10.99, 12.01 மில்லிவினாடிகளில் மூன்று அறிக்கைகள் வருவதாகக் கொள்வோம். பின்னத்தை வெட்டினால் அவற்றின் நேரம் 10, 10, 12. முதல் இடைவெளி சுழியம். தூரத்தை அதனால் வகுத்து வேகம் காண இயலாது. அடுத்த இடைவெளி 2. வேகம் பாதியாகத் தெரியும். கை சீராக அசைந்திருக்க, திரையில் குறி துள்ளுகிறது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டின் அடிப்படை நெறிமுறை 32 பிட் மில்லிவினாடியையே தேர்ந்தது. நானோவினாடி நுணுக்கத்துக்குப் பின்னர் தனி நீட்டிப்பு ஒன்றை உருவாக்க நேர்ந்தது.

நிகழ்வுக்காகக் காத்திருக்கும் அழைப்புகளிலும் இதே குறை உண்டு. லினக்ஸின் எபோல் அழைப்பு தன் காத்திருப்பை மில்லிவினாடியில்தான் கேட்டது. நானோவினாடி ஏற்கும் வடிவம் 2021இல் வெளியான லினக்ஸ் 5.11இல் வந்தது. ஃபிரீபிஎஸ்டியின் கேக்யூ இதைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்திருந்தது. எனினும் இரண்டும் ‘இன்னும் இவ்வளவு நேரம்’ என்ற சார்பு அளவையே வாங்குகின்றன. குறுக்கீடு வந்து அழைப்பு பாதியில் திரும்பினால் மீதியை நிரலே கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கசியும். லினக்ஸின் செலக்ட் மீதியைத் திருப்பி எழுதுகிறது, பல யூனிக்ஸ்கள் எழுதுவதில்லை. அதை நம்பி எழுதிய நிரல் வேறு அமைப்பில் பிழைபடும். ‘இந்த நேரம் வரை’ என்ற முற்றுக்கெடுவை வாங்கினால் அழைப்பை அப்படியே மீண்டும் செய்யலாம். அந்தக் கெடுவும் நிகழ்வின் நேரமும் ஒரே கடிகாரத்தில், ஒரே வகை எண்ணாக இருந்தால், சொடுக்கின் நேரத்தோடு 500 மில்லிவினாடியைக் கூட்டி அதுவரை காத்திருக்கச் சொல்ல ஒரே கூட்டல் போதும். இடையில் ‘இப்போது’ என்ன நேரம் என்று கேட்கவே வேண்டியதில்லை.