ஏமி ஷெரால்டு: சாம்பல் நிறத் தோலும் சுதந்திரதேவியின் உருவமும்

ஏமி ஷெரால்டு (பிறப்பு 1973, ஜார்ஜியா மாநிலம்) கறுப்பின மக்களை மட்டுமே வரையும் அமெரிக்க உருவ ஓவியர். தோலை அவர் பழுப்பில் தீட்டுவதில்லை. சாம்பல் சாயல்களில் தீட்டுகிறார். நிறத்தைக் கண்டவுடன் மனிதரை எடைபோடும் பழக்கத்துக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. ஆடையும் பின்னணியுமே வண்ணத்தில் ஒளிர்கின்றன.

மிஷெல் ஒபாமாவின் உருவப்படம் (2018) அவருக்குப் புகழ் தந்தது. 2020இல், லூயிவில் நகரில் தம் வீட்டுக்குள்ளேயே காவலர்களால் சுட்டுக்கொல்லப்பட்ட பிரியோனா டெய்லரை வரைந்தார். ஓவியத்தில் அவர் விரலில் இருப்பது, காதலர் அணிவிக்க எண்ணியிருந்த மோதிரம். வழக்குக் கட்டுகளில் ‘இறந்தவர்’ என்று சுருங்கிப்போகும் பெண்களை நாமும் அறிவோம். அந்தச் சுருக்கத்தை இவ்வோவியம் ஏற்க மறுக்கிறது.

2024இல் வரைந்த ‘டிரான்ஸ் ஃபார்மிங் லிபர்ட்டி’யில் கறுப்பினத் திருநங்கை ஒருவர் சுதந்திரதேவியாக நிற்கிறார், தீப்பந்தத்தில் நெருப்புக்குப் பதில் மலர்கள். ஒபாமா படத்தைக் காட்சிக்கு வைத்த வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில், 2025 செப்டம்பரில் ஷெரால்டின் தனிக்கண்காட்சி தொடங்கவிருந்தது. அக்கூடம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் காட்சிப்பொருள்களைக் குறிவைத்து அதிபர் டிரம்ப் மார்ச்சிலேயே ஆணை பிறப்பித்திருந்தார்.

இந்த ஓவியம் குறித்துப் பார்வையாளர்கள் கருத்துரைக்கும் காணொளி ஒன்றைச் சேர்க்கும் யோசனை எழுந்தது. ஓவியத்தை நீக்கும் நோக்கமில்லை, விளக்கம் தரவே காணொளி என்றது நிறுவனம். திருநர்களின் மதிப்பையே விவாதப்பொருளாக்கும் ஏற்பாடு இது என்று கூறி, ஜூலையில் ஷெரால்டு கண்காட்சியை விலக்கிக்கொண்டார். அவர் வாதமே வலுவானது: உள்ளே அழைத்துவிட்டு, இருப்புக்கு நியாயம் கேட்பது உள்ளடக்கம் ஆகாது. நவம்பரில் அக்கண்காட்சி பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது.