ராயபுரமும் ஒப்பந்தங்களும்: குடியேற்ற ஆட்சியில் ரயில், கப்பல், நீதிமன்றம்

சென்னை நகரின் வடபகுதியில் உள்ள ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் இன்று துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசின் மூன்று நிர்வாக ஏற்பாடுகள் இந்தக் கடற்கரையை ஒட்டி ஒன்றையொன்று சந்தித்தன. அவை ரயில்வே, கடல் கடந்த குடிபெயர்வு, நீதிமன்றம். இம்மூன்றும் ஒப்பந்தம் என்ற ஒரே அடிப்படையில் நடந்தன. ஆனால் எல்லா ஒப்பந்தங்களையும் அரசு ஒரே தராசில் நிறுக்கவில்லை. சிலருடைய ஒப்பந்தத்துக்கு அரசுக் கருவூலம் உத்தரவாதம் அளித்தது. வேறு சிலருடைய ஒப்பந்தத்துக்குச் சிறைச்சாலை காவல் நின்றது.

ரயிலுக்கு முன்

ரயில் வருவதற்கு முன் வட சென்னையின் முக்கியப் போக்குவரத்து வழி கால்வாய் ஆகும். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாய் 1806-இல் வெட்டப்பட்டது. இது முதலில் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் இதன் வழியே படகுகளில் நகருக்கு வந்தன.

பஞ்ச காலங்களில் மக்களும் இப்பகுதிக்கு வந்தனர். ஐதர் அலியுடன் நடந்த போரின்போது பஞ்சத்தில் வாடியவர்களுக்காக 1782-இல் இங்கு கஞ்சித்தொட்டி திறக்கப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. அதனுடன் தொடர்புடைய ஸ்டான்லி மருத்துவமனையை வட சென்னை மக்கள் நெடுங்காலம் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர்.

ரயிலும் உத்தரவாத வட்டியும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையை லண்டனில் அமைந்த மதராஸ் ரயில்வே கம்பெனி அமைத்தது. 1853-இல் பணி தொடங்கியது. ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, ரயில் போக்குவரத்து தொடங்கியது. இப்பாதை 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரை எட்டியது. 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய் பாதையுடன் இணைந்தது.

இந்தக் கம்பெனி உத்தரவாத முறையில் இயங்கியது. அரசு நிலத்தை இலவசமாக வழங்கியது. பங்குதாரர்களின் முதலுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்றும் உறுதி அளித்தது. வருமானம் குறைந்தால் மீதித் தொகையை இந்திய வரிப்பணத்திலிருந்து அரசு கொடுத்தது. இதனால் இங்கிலாந்தில் முதலீடு செய்தவருக்கு நட்டம் பற்றிய கவலை இல்லை. அந்த நட்டத்தைப் பயிர்நிலத்துக்கு வரி கட்டிய உழவர்களும் உப்புக்கு வரி கட்டிய எளியவர்களும் சேர்ந்து சுமந்தனர்.

கடல் கடந்த ஒப்பந்தம்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-இல் ஒழிக்கப்பட்டபோது, மொரீஷியஸ் முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியாவிலிருந்து கூலிகளை அனுப்பும் வழக்கத்தை 1837-ஆம் ஆண்டுச் சட்டங்கள் முறைப்படுத்தின. கொடுமைகள் வெளிவந்ததால் அது 1839-இல் தடை செய்யப்பட்டது. 1842-இல் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைகள் வழியாக மொரீஷியஸுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அப்போது ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற பதவி உருவாக்கப்பட்டது.

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 342 இந்தியர்களுடன் அது நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் இவர்களே. அக்காலத்தில் சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். அலைகளைக் கடந்து மசூலா படகுகளில் சென்றுதான் கப்பல் ஏற வேண்டும். துறைமுகப் பணி 1875-இல்தான் தொடங்கியது. அதுவும் 1881 நவம்பர் புயலில் பெரும் சேதமடைந்தது.

நேட்டால் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு உரியது. முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். தமிழ் மாவட்டங்களில் வட ஆர்க்காட்டிலிருந்து மிகப் பலர் சென்றனர். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் பாதை சென்ற மாவட்டமும் அதுவே. 1903 முதல் பிஜித் தீவுகளுக்கும் சென்னையிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டனர்.

1864-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆள் சேர்ப்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். புறப்பட இருப்பவரை, அவர் சேர்க்கப்பட்ட மாவட்டத்திலேயே மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட், “நிபந்தனைகள் புரிந்தனவா? விருப்பத்துடன் செல்கிறாயா?” என்ற பொருளில் கேட்பார். ஆம் என்ற பதில் பதிவேட்டில் ஏறும். பின்னர் அவர் சென்னையில் உள்ள கூலி டிப்போவுக்கு அனுப்பப்பட்டு, மருத்துவரால் சோதிக்கப்படுவார். ஏட்டளவில் இதில் குறை காண்பது கடினம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவருக்கு நேட்டால் எங்கே இருக்கிறது என்பதும், அங்கே தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறினால் அது குற்றம் என்பதும் எந்த அளவுக்கு விளங்கியிருக்கும்? பசியோடு நின்றவரிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல வழி இருந்ததா?

நீதிமன்றங்கள்

சென்னை நகரில் 1801 முதல் சுப்ரீம் கோர்ட் இருந்தது. சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம் 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. 1862-இல் உயர் நீதிமன்றம் தோன்றியது. நகரின் அன்றாடக் குற்ற வழக்குகளை மாஜிஸ்திரேட்டுகள் விசாரித்தனர். ராயபுரம் நகர எல்லைக்குள் இருந்தது. திருவொற்றியூர் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அருகருகே வாழ்ந்தவர்களும் வெவ்வேறு நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியிருந்தது.

உழைப்பாளிகளை மிகவும் பாதித்தது 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் ஆகும். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுச் சென்றால், பணத்தைத் திருப்பித் தரும்படியோ வேலையை முடிக்கும்படியோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. அதே ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் அது இச்சட்டப்படி குற்றம் அன்று; தொழிலாளி உரிமையியல் வழக்குத் தொடர்ந்துதான் நியாயம் தேட வேண்டும். தினக்கூலியை நம்பி வாழ்ந்தவருக்கு அந்த வழி பெயரளவுக்கே இருந்தது. இச்சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது.

பாலசுந்தரம் வழக்கு

ஒப்பந்தக் கூலியின் நிலையைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியவர் பாலசுந்தரம் என்ற தமிழர். டர்பனில் ஒரு வெள்ளையரிடம் வேலை செய்த அவர் 1894-இல் கடுமையாக அடிக்கப்பட்டார். முன்பற்கள் இரண்டு உடைந்தன. கிழிந்த உடையுடன், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி, அவர் காந்தியிடம் வந்தார். காந்தி அவரை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. ஆனாலும் பாலசுந்தரத்துக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. அவரது ஒப்பந்தம் வேறொரு வெள்ளையருக்கு மாற்றப்பட்டது. அன்றைய சட்டம் அனுமதித்த நிவாரணம் அவ்வளவுதான்.

1896 அக்டோபரில் காந்தி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரம் நிகழ்ச்சி அக்கூட்டத்தினர் மனத்தில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது என்று தம் சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார். இதற்கிடையே, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு 1895-இல் சட்டம் இயற்றியது. இது முதலாண்டுக் கூலிக் கணக்கில் ஆறு மாத ஊதியம். 1913-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின், 1914-இல் இவ்வரி நீக்கப்பட்டது.

முறையின் முடிவும் எஞ்சியவையும்

கோகலே முதலியோரின் முயற்சியால் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவது 1911-இல் நின்றது. பிற நாடுகளுக்கான ஆள் சேர்ப்பு 1917-இல் நிறுத்தப்பட்டது. 1922-இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதன் இடத்தை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்காகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி இன்றும் சென்னையில் உள்ளது.

சென்ட்ரல் நிலையம் 1873-இல் உருவான பின் ராயபுரத்தின் முதன்மை படிப்படியாகக் குறைந்தது. ஆயினும், இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரமே. 2005-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்த ஆளுநரின் பெயரை வரலாறு குறித்து வைத்துள்ளது. கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவர்களின் பெயர்களும் ஊர்களும் குடிபெயர்வுப் பதிவேடுகளில் உள்ளன. தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜி ஆகிய நாடுகளில் வாழும் அவர்களின் வழித்தோன்றல்கள், தங்கள் பூர்வீக ஊரை இன்று அந்த ஏடுகளில்தான் தேடுகின்றனர்.