செங்கல் கூழாங்கல்

காரைதீவு எண்டால் பள்ளியில் நாங்க படிச்ச ஆண்டு 1892: விபுலாநந்த அடிகள் பிறந்தது. மாளிகைக்காட்டிலிருந்து கடற்கரையால் நடந்தபோது இன்னொரு ஆண்டு காலில் தட்டுப்பட்டது.

மணலில் சிவப்புக் கூழாங்கற்கள். கையில் எடுத்தால் செங்கல். ஒண்டில் சீமெந்தும் ஒட்டிக்கிடந்தது. கருங்கல்லைப் போலில்லை, செங்கல்லைக் கடல் கெதியாக உருட்டிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம்: 10,000க்கு மேல். பிறகு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது எண்டது அரசு. அதைத் தளர்த்திய பிறகும் பலர் திரும்பவில்லை.

தமிழர் வீட்டுச் சுவரா, முஸ்லிம் வீட்டுச் சுவரா? செங்கல்லைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இங்க ஆரார் வீடு இருந்தது எண்டு உங்கட மூத்தவங்களிடம் கேட்டு எழுதி வையுங்க. கடல் இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கு.