ராபர்ட் ஹென்றி லாரன்ஸ் (1935–1967)

அமெரிக்க வான்படை மேஜர், வேதியியல் அறிஞர். அமெரிக்க அரசின் விண்வெளித் திட்டமொன்றுக்கு வீரராகத் தேர்வுபெற்ற முதல் கறுப்பினத்தவர். தேர்வாகி ஆறு மாதம் நிறையுமுன் விமான விபத்தில் இறந்தார்.

இளமையும் கல்வியும்

1935 அக்டோபர் 2 அன்று சிகாகோவில் பிறந்தார். 16 வயதில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். 1956இல் பிராட்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று வான்படையில் சேர்ந்தார். மேற்கு ஜெர்மனியில் அந்நாட்டு விமானிகளுக்குப் பயிற்சி அளித்தார். 1965இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

தேர்வு

1967 ஜூன் மாதம் சோதனை விமானிகள் பள்ளியில் தேறினார். அம்மாதம் 30ஆம் தேதி, வான்படையின் ‘மனிதர் இயக்கும் சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம்’ என்ற திட்டத்துக்குத் தேர்வானார். பெயரளவில் ஆய்வுக்கூடமான இத்திட்டத்தின் மறைவான நோக்கம் உளவு. ஜெமினி கலத்தில் செல்லும் இருவர் சுமார் 30 நாள் சுற்றுப்பாதையில் தங்கி, பெரிய கேமராவால் சோவியத் ஒன்றியத்தின் ராணுவத் தளங்களைப் படமெடுக்க வேண்டும்.

மறைவு

எஃப்-104 போர் விமானத்தில் லாரன்ஸ் கடுஞ்சரிவான இறக்கங்களைப் பயின்றார், பிறருக்கும் பயிற்றுவித்தார். மிக வேகமாகச் சரிந்து வந்து, தரையை நெருங்குகையில் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணிக்கும் முறை இது. 1967 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்தில், முன்னிருக்கையில் மற்றொரு விமானி ஓட்ட, லாரன்ஸ் பின்னிருக்கையில் பயிற்றுநராக இருந்தார். விமானம் ஓடுபாதையில் மோதியது. முன்னிருந்தவர் பலத்த காயங்களுடன் பிழைத்தார், லாரன்ஸ் உயிரிழந்தார். அவருக்கு வயது 32.

பின்விளைவு

1969 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. அதன் வீரர்களில் 36 வயதுக்கு உட்பட்ட எழுவரை நாசா ஏற்றுக்கொண்டது. எழுவரும் பின்னர் விண்ணோடங்களில் பறந்தனர். உயிரோடிருந்தால் லாரன்சுக்கு அப்போது 33 வயது. எஞ்சின் உந்துதலின்றித் தரையிறங்கும் அதே விண்ணோடங்களுக்கு அவர் பயின்ற இறக்கமுறை பயன்பட்டது. கயோன் புளூஃபோர்டு 1983இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆனார்.

நினைவு

கென்னடி விண்வெளி மையத்திலுள்ள விண்வெளி வீரர் நினைவுச் சுவரில் லாரன்சின் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இறந்து சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பர் 8 அன்று அது பொறிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசென்ற சிக்னஸ் கலத்துக்கு ‘எஸ்.எஸ். ராபர்ட் எச். லாரன்ஸ்’ என்று பெயரிடப்பட்டது.