மென்டன்: இருமலோடு வந்தவர்களின் கடற்கரை

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லையை ஒட்டி மத்தியதரைக் கடலோரம் இருக்கும் மென்டன் எலுமிச்சைக்குப் பெயர்போன ஊர். வடக்கே ஆல்ப்ஸ் மலைகள் குளிர்காற்றை மறித்து நிற்பதால் அங்கே குளிர்காலமும் இதமானது. காசநோய் கண்ட ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் 1859இல் அங்கு வந்தது பிழைப்பதற்காக அல்ல, அமைதியாகச் சாவதற்காக. ஆனால் தேறிவிட்டார். குளிர்காலந்தோறும் திரும்பி வந்து வைத்தியம் பார்த்தார். 1861இல் அந்த ஊரின் தட்பவெப்பத்தைப் பற்றி நூலும் எழுதினார்.

அதே ஆண்டு மென்டன் மொனாக்கோ அரசரிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. 1869இல் ரயிலும் வர, விடுதிகள் பெருகின. மருந்தென்று சொல்ல அப்போது எதுவும் இல்லை. வெயில், கடற்காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, மெதுவான நடை: இவ்வளவுதான் சிகிச்சை. வசதியுள்ளவர்களுக்கே அது கிட்டியது; லண்டன் ஏழைக்குப் புகைமூட்டமே கதி.

எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1873-74 குளிர்காலத்தை அங்கே கழித்து ஊர் திரும்பினார். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898இல், 25 வயதில், அங்கேயே இறந்தார். கடலைப் பார்த்தபடி குன்றின்மேல் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் இப்படி அந்நிய நாட்டுப் பெயர்கள் ஏராளம்.

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின் அது தொற்றுநோய் என்பது உறுதியானது. ஆனாலும் எழுத்தாளர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் 1920இல்கூட அங்கே தங்கினார். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகுதான் காசநோய்க்காகக் கடற்கரை தேடும் வழக்கம் ஓய்ந்தது.