கொடையும் உயிலும்: காஞ்சிபுரத்தில் சொத்தின் காவல்

காஞ்சிபுரத்தில் கோயிலுக்கும் அறத்துக்கும் பொருள் எழுதிவைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. கொடுத்தவர் மறைந்தபின் அப்பொருளைக் காப்பவர் யார் என்பதில்தான் காலந்தோறும் வழக்குகள் எழுந்தன. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழன் காலச் செப்பேடு, ஊரகத்துத் திருமால் கோயிலுக்குரிய பொன்னைக் கம்புளான்பாடி, அதிமானப்பாடி முதலிய சேரியார் முதலாகப் பெற்று, ஆண்டுதோறும் பொலிசை, அதாவது வட்டி, செலுத்திப் பூசையையும் திருவிழாவையும் நடத்த வகைசெய்கிறது. அச்சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் எனும் நெசவாளரே கோயிற் காரியங்களையும் கவனிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டதால், கொடையின் காவல் ஒரு குடும்பத்திடம் தங்காமல் ஊரார் பொறுப்பாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காவல் நீதிமன்றத்தின் கைக்கு மாறியதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயில் சிறந்த சான்றாகும். துபாஷியாக, அதாவது ஐரோப்பியருக்கு இடைநின்ற வணிக முகவராக, பெருஞ்செல்வம் ஈட்டிய அவர் 1794 மார்ச் 22 அன்று உயில் எழுதி, அதே மாதம் 31ஆம் நாள் திருவையாற்றில் காலமானார். அறங்களுக்கென அவர் ஒதுக்கிய பெருநிதி, பொறுப்பாளரும் உறவினரும் தொடுத்த வழக்குகளில் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. அறநிதிக்காக வாதாடும் கடமையுடைய அரசுத் தலைமை வழக்கறிஞர்களான ஹெர்பர்ட் காம்ப்டன், ஜார்ஜ் நார்ட்டன் ஆகியோரின் முயற்சியால், 1801இல் செயற்படத் தொடங்கிய சென்னை உச்சநீதிமன்றத்தில் அந்நிதி மீட்கப்பட்டது. கோயிற் கட்டளைகளுக்கு வேண்டியது போக மிஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842 ஜனவரி 1 அன்று சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் காஞ்சிபுரத்திலும் அவ்வறக்கட்டளையின் பள்ளியும், 1947இல் கல்லூரியும் தோன்றின.

மிதாட்சரம் எனும் இந்து சட்ட மரபின்படி, மூதாதையர் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்குண்டு. ஆதலால் 1956 வரை தந்தை தன் விருப்பப்படி எழுதிவைக்க முடிந்தது தானே ஈட்டிய சுயார்ஜிதத்தை மட்டுமே. சென்னை மாகாணத்தின் 1829ஆம் ஆண்டு ஐந்தாம் ஒழுங்குவிதியும், இந்துக்களின் உயில் இச்சட்டத்துக்கு இசையும் அளவுக்கே செல்லும் என்றது. இந்து உயில்கள் சட்டம் 1870இல் வந்தபோது, இரு சாட்சிகளின் கையொப்பம் வேண்டும் என்ற விதி சென்னை நகரத்துக்குப் பொருந்தியதே தவிர, செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் தறிவீட்டுக் கிழவர் ஒருவர் படுக்கையில் வாய்மொழியாகச் சொன்ன ஏற்பாடுகூட, மெய்ப்பிக்க முடிந்தால், அங்கு உயிலாகச் செல்லத்தக்கதாக இருந்தது. 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் எல்லா இந்து உயில்களுக்கும் அவ்விதி பரவியபின், வழக்கின் மையமே மாறிற்று. இறந்தவர் என்ன சொன்னார் என்ற விசாரணையின் இடத்தில், கையொப்பமிட்டபோது அவர் தெளிந்த சித்தத்துடன் இருந்தாரா, சாட்சிகள் அதைக் கண்ணால் கண்டனரா என்ற விசாரணை வந்தது. ஊரார் அனைவரும் அறிய நடந்த கொடைக்கு ஊரே சாட்சியாக இருந்தது; வீட்டுக்குள் எழுதப்படும் உயிலுக்கோ அந்தச் சாட்சியைச் சட்டமே ஏற்படுத்தித் தர வேண்டியதாயிற்று.