டின்டர்ன்: கூரை இழந்த ஆலயம்

வேல்ஸில் வை ஆற்றங்கரையில் நிற்கும் டின்டர்ன் மடாலயத்தின் தேவாலயத்தைப் பார்ப்பவர்களுக்கு, காலம் அரித்துத் தின்ற கட்டடம் என்றே தோன்றும். ஆனால் அதன் கூரை போனதற்கு ஆண்டும் காரணமும் உண்டு. 1131-ல் வால்டர் டி கிளேர் என்ற பிரபு சிஸ்டர்சியத் துறவிகளுக்காக நிறுவிய மடம் இது. இப்போது எஞ்சியிருக்கும் பெரிய ஆலயம் 1269-ல் தொடங்கப்பட்டு 1301-ல் அர்ப்பணிக்கப்பட்டது. 1536-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி மடத்தைக் கலைத்தது. துறவிகள் வெளியேறினார்கள், கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உரித்தெடுக்கப்பட்டது. மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. ஆக, இந்த இடிபாடு ஓர் அரச முடிவின் தடயம். ஆலயம் எழுந்த கதைக்கு உள்ள மதிப்பு, அது வீழ்த்தப்பட்ட கதைக்கும் உண்டு. இதை இடிபாடாகவே காக்க வேண்டும் என்று நான் வாதிடுவது அதனால்தான்.

கூரை போட்டு மறுபடி ஆலயமாக்கினால் என்ன என்று கேட்கலாம். மேற்குச் சாளரத்தின் கல் வேலைப்பாடு பெரும்பாலும் தப்பியிருக்கிறது. கவிகைகளும் வண்ணக் கண்ணாடிகளும் போய்விட்டன. அவற்றை இன்று நிரப்பினால் பெரும்பகுதி ஊகமாகவே இருக்கும். 1782-ல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் கில்பின் வேறொரு யோசனை சொன்னார்: சுவர்களின் முக்கோண முகடுகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றன, சுத்தியலால் கொஞ்சம் உடைத்தால் அழகு கூடுமாம்! அழகுக்காக உடைக்கச் சொன்னவருக்கும் அழகுக்காகக் கட்டச் சொல்பவருக்கும் அதிக தூரமில்லை. இருவருமே சாட்சியத்தைத் திருத்துகிறார்கள்.

அப்படியானால் இயற்கையிடமே விட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். ஓவியர் டர்னர் இந்த இடத்தை வரைந்த காலத்தில் சுவர்களில் படர்ந்திருந்த கொடிகள்தான் பயணிகளை மயக்கின. ஆனால் வேர் சுண்ணச்சாந்துக்குள் இறங்கினால் கல் நெகிழும். நெகிழ்ந்த இடுக்கில் நீர் புகுந்து பனியாய் உறைந்தால் சுவர் பிளக்கும். 1901-ல் பிரிட்டிஷ் முடியரசு இந்த இடத்தை விலைக்கு வாங்கியது. 1914 முதல் பொதுப்பணித் துறை கொடிகளை அகற்றிப் பழுதுபார்த்தது. அப்போது சில பகுதிகளைத் திரும்பக் கட்டவும் நேர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விழவிருந்ததைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று, இல்லாததைக் கற்பனையில் படைப்பது வேறு. அந்த எல்லையைத் துறை பெரும்பாலும் மீறவில்லை என்பதே என் கணிப்பு.

இப்போது இந்தப் பொறுப்பு காடூ என்ற வேல்ஸ் அரசின் மரபுரிமைத் துறையிடம் இருக்கிறது. மணற்கல் தேய்வதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். ஒருமுறை செய்து முடித்துவிடும் பணி இல்லை இது. அதற்கான பணத்தை வேல்ஸ் அரசு ஆண்டுதோறும் குறையாமல் ஒதுக்கியாக வேண்டும்.